பாலாற்றுப் போர்கள் மேசைக்கு வருமா?

வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடிக்குப் போகப் போக, இருபுறமும் மலை நெருங்கி வரும். தெற்கே ஜவ்வாது மலை, அப்பால் ஏலகிரி. வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகள். நடுவில் பாலாறு, நெடுஞ்சாலை, ரயில் பாதை. இன்று தோல் பதனிடும் கூடங்களும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்திருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு, மைசூர் மேட்டு நிலத்திலிருந்து ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கும் வாசல்களில் ஒன்று. அதனாலேயே அறுபது ஆண்டுகளுக்குள் நான்கு பெரிய மோதல்கள் இங்கே நடந்தன: 1749இல் ஆம்பூர்ப் போர், 1767இல் ஆம்பூர் முற்றுகை, 1780 முதல் 1782 வரை வேலூர் முற்றுகை, 1806இல் வேலூர்ப் புரட்சி.

வரலாற்றுப் போர்களை மேசை மேல் விரித்து, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஒரு விளையாட்டு வகை மேலைநாடுகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்திருக்கிறது. நிலப்படத்தின் மேல் அறுகோணக் கட்டங்கள். அவற்றில் நகரும் அரை அங்குல அட்டைக் காய்கள். ஒவ்வொரு காயும் ஒரு பட்டாளம். அதன் மேல் தாக்கும் வலிமையும் நகரும் தூரமும் எண்ணாக அச்சாகியிருக்கும். கெட்டிஸ்பர்க், வாட்டர்லூ, ஸ்டாலின்கிராடு என்று அந்த அலமாரியில் ஒரே போருக்குப் பத்து விளையாட்டுகள் உண்டு. நம் பக்கத்துப் போர்கள் அங்கே அரிது. பாலாற்றுப் போர்களை இந்த வடிவத்துக்குள் கொண்டுவர முடியுமா? கொண்டுவந்தால் அது எதைக் காட்டும், எதை மறைக்கும்? நான்கில் எது பொருந்தும்? இவற்றைத்தான் இங்கே ஆராய்கிறேன்.

முதலில் வடிவத்தின் பிறப்பு. சதுரங்கத்தைப் போர்க்களமாக விரிக்கும் ஆசை ஜெர்மானியர்களுக்கு வெகுகாலமாக இருந்தது. பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட தம் போர்ச் சதுரங்கத்தை 1780இல் வெளியிட்டார். மைசூரின் ஹைதர் அலி கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியதும் அதே ஆண்டுதான். அதன் பின் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் உருவாக்கிய ஆட்டம் 1824இல் ராணுவப் பயிற்சிக் கருவியாகவே ஏற்கப்பட்டது. பொதுமக்கள் கடையில் வாங்கி ஆடும் வடிவத்தைத் தந்தவர் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த சார்லஸ் ராபர்ட்ஸ். 1954இல் ‘டாக்டிக்ஸ்’ வந்தது. 1958இல் அவலான் ஹில் நிறுவனத்தின் ‘கெட்டிஸ்பர்க்’ வந்தது. அது சதுரக் கட்டம். 1961இல் அதே விளையாட்டின் மறுபதிப்பு அறுகோணத்துக்கு மாறியது.

ஏன் அறுகோணம்? சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் நகர்ந்தால் நேர்க்கோட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் கிடைத்துவிடும். அறுகோணத்தில் அண்டைக் கட்டம் ஆறும் ஒரே தூரத்தில் இருக்கும். ஒரு படை எந்தத் திசையில் போனாலும் உழைப்பு ஒன்றே. இதோடு மூன்று விதிகள் சேர்ந்தால் இந்த வகையின் எலும்புக்கூடு முடிந்தது. எதிரிக் காய்க்குப் பக்கத்துக் கட்டங்களுக்குள் நுழைந்தால் நின்றாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டு வளையம் ஒன்று. நிலத்தின் தன்மைக்கேற்ப நடையைக் குறைக்கும் அட்டவணை இன்னொன்று. மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று வலிமைகளின் விகிதத்தைப் பார்த்துப் பகடை உருட்டி முடிவு சொல்லும் மோதல் அட்டவணை மூன்றாவது.

1970களில் ஜிம் டனிகன் நடத்திய எஸ்.பி.ஐ. நிறுவனம் இதை ஒரு தொழிலாகவே ஆக்கியது. இதழோடு ஒரு விளையாட்டையும் சேர்த்து வாசகர் வீட்டுக்கு அனுப்பியது. விவர வெறியும் கூடவே வளர்ந்தது. 1979இல் வந்த வட ஆப்பிரிக்கப் போர் விளையாட்டு ஒன்றில் இத்தாலியச் சிப்பாய் பாஸ்தா வேகவைக்கும் தண்ணீருக்குக்கூடக் கணக்கு இருந்தது. அதை முழுதாக ஆடி முடித்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்த மிகைக்குள் ஒரு சரியான உள்ளுணர்வு இருந்ததாகவே நினைக்கிறேன். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் படை நகராது. பாலாற்றங்கரையில் நடந்தவற்றை ஊன்றிப் படிக்கிறவருக்கு இது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். கெட்டிஸ்பர்க்கில் பிறந்த வடிவம் சில நம்பிக்கைகளைச் சுமந்து வந்திருக்கிறது. காய் எப்போதும் தன் முதலாளிக்கு விசுவாசமாக இருக்கும். தளபதி செத்தாலும் படை நிற்கும். போர் இரண்டு அரசுகளுக்கு இடையே நடக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆர்க்காட்டுச் சீமையில் இந்த மூன்றுமே பொய்.

ஆம்பூர்ப் போரையே எடுத்துக்கொள்வோம். 1749 ஆகஸ்ட் 3. ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கான், மலைக்கும் ஏரிக்கும் நடுவே அகழும் மண் அரணும் போட்டு வழியை அடைத்து நிற்கிறார். எதிரே நவாபு பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிபு, நிஜாமின் பேரன் முசாபர் ஜங், அவர்களோடு புதுச்சேரியிலிருந்து தூப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் படை. மொத்தச் சேனையில் பிரெஞ்சு வெள்ளையர் சில நூறு பேர்தான். அவர்கள் பயிற்றுவித்த சிப்பாய்கள் இரண்டாயிரத்துக்குப் பக்கம். அரணின் மேல் முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. இரண்டாவதில் பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் காயம்பட்டார். மூன்றாவதில் பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி அரணைக் கடந்துவிட்டார். யானை மேல் இருந்த முதிய நவாபு பின்வாங்கவில்லை. சந்தா சாகிபின் யானையை நோக்கித் தன் யானையைச் செலுத்தினார். துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்தார். அத்தோடு போர் முடிந்தது. மூத்த மகன் மாபூசு கான் பிடிபட்டார். இளையவர் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். அடுத்த சில ஆண்டுகளின் போர் முழுவதும் அந்த ஓட்டத்திலிருந்து கிளைத்ததே.

ஒரு குண்டு ஒரு சேனையையே கலைத்துவிட்டது. இது தனி நிகழ்ச்சியும் இல்லை. 1750 டிசம்பரில் நிஜாம் நாசிர் ஜங், அவரோடு வந்திருந்த பட்டாணிய நவாபு ஒருவரின் கையால் யானை மேலேயே சுடப்பட்டு இறந்தார். அவருக்குப் பின் நிஜாமான முசாபர் ஜங்கும் 1751 தொடக்கத்தில் அதே பட்டாணிய நவாபுகளோடு மோதியபோது கொல்லப்பட்டார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் மூன்று அரசர்கள். ஒருவர் எதிரியின் குண்டுக்கு, இருவர் கூட்டாளியாக இருந்தவர்களின் கைக்கு. வலிமை விகிதத்தைப் பார்த்துப் பகடை உருட்டும் அட்டவணை இதை எப்படிச் சொல்லும்? ஆம்பூர்ப் போரை விளையாட்டாக்குகிறவர் யானைக் காய் ஒன்றைச் செய்து, அதன் மேல் அரசரை ஏற்றி, அது களத்தில் தெரிகிற வரையில்தான் மற்றக் காய்கள் நிற்கும் என்று விதி எழுத வேண்டும். அரசரை முன்னே கொண்டுபோனால் படைக்குத் தெம்பு. ஆனால் ஒரு பகடையில் எல்லாம் போகலாம். அன்வருதீன் எடுத்த முடிவு அதுதான். அந்த முடிவின் கனத்தை ஆடுகிறவர் தன் கையில் உணர முடியுமானால், அதுவே இந்த வகை விளையாட்டு செய்யக்கூடிய நல்ல காரியம்.

ஆனாலும் ஆம்பூர்ப் போர் ஒரு நாள் சங்கதி. அரணை மூன்று முறை முட்டுவதைத் தவிர ஆடுகிறவருக்கு முடிவெடுக்க அதிகம் இல்லை. ஒரு மாலைப்பொழுது ஆடும் சிறு விளையாட்டுக்குப் போதும்.

1767இன் ஆம்பூர் முற்றுகை அதைவிடச் சுருங்கியது. செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித்திடம் தோற்ற ஹைதர், நவம்பர் 10 வாக்கில் ஆம்பூரைச் சூழ்ந்தார். ஊருக்கு மேலே நிற்கும் துருக்கத்தில் கேப்டன் கால்வர்ட்டும் சில நூறு சிப்பாய்களும் இருந்தார்கள். கோட்டைக்குள் இருந்த நவாபின் கில்லேதார் (கோட்டைத் தலைவர்) மேல் சந்தேகம் விழ, கால்வர்ட் முதலில் அவரைக் காவலில் வைத்தார். ஏறத்தாழ நான்கு வாரம் கோட்டை விழவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்மித் வந்ததும் ஹைதர் விலகினார். காத்து நின்ற சென்னைப் பட்டாளத்துக்கு ‘ஆம்பூர்’ என்ற பெயரையும் குன்றுக் கோட்டையின் படத்தையும் கொடியில் ஏந்தும் உரிமை கிடைத்தது. அந்தப் பெயர் பட்டாளத்தின் வழிவழியாகப் பர்மா வரை பயணப்பட்டு, கடைசியில் பத்தாம் கூர்க்கா துப்பாக்கிப் படையின் போர்ப் பெருமைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. தோல் ஊர் என்றும் பிரியாணி ஊர் என்றும் நாம் அறிந்த ஊரின் பெயரை நேபாளத்து வீரர்கள் தங்கள் பெருமையாகச் சுமந்தார்கள் என்பது ஆம்பூர்க்காரர்களில் பலருக்கே செய்தியாக இருக்கும். ஆனால் விளையாட்டு என்று பார்த்தால் ஒருவர் குன்றின் மேல் காத்திருக்க, மற்றவர் கீழே காத்திருக்கும் ஆட்டம் இது.

1806ஐப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. அதை அறுகோணத்தில் வைக்கக் கூடாது. புதிய தலைப்பாகை, அதில் தோலால் செய்த குஞ்சம், நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் தடை, தாடியை மழிக்கச் சொன்ன உத்தரவு. இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவருக்குமே அந்தத் தோல் எந்த விலங்கினுடையதோ என்ற அருவருப்பு. ஜூலை 10 விடியுமுன் எழுந்த சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கர்னல் ஃபேன்கோர்ட்டும் 69ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டார்கள். பதினாறு மைல் தொலைவிலிருந்த ஆர்க்காட்டுப் பாளையத்திலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். பிற்பகலுக்கு முன்பே எல்லாம் முடிந்து, பிடிபட்ட சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பின்னர் விசாரணை நடத்திச் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். ஆளுநர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இதில் முடிவுகள் எல்லாம் ஜூலை 10க்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன: உத்தரவு போட்ட அலுவலகத்தில், சிப்பாய்களின் குடியிருப்பில், திப்புவின் மக்கள் வாழ்ந்த அரண்மனையில். காலையில் நடந்தது அவற்றின் விளைவு. அந்தக் காலையை மட்டும் கட்டம் போட்டு எடுத்தால், தூங்கிக்கொண்டிருந்தவர்களைச் சுடுவதும் சரணடைந்தவர்களைச் சுடுவதும் இரு ஆட்டக்காரர்களின் ‘நகர்த்தல்’களாக மிஞ்சும். நாடகத்துக்கும் நாவலுக்கும் உரிய பொருள் அது. காய்களின் மேல் எண் அச்சடித்து அதைச் சொல்ல முடியாது.

மிஞ்சுவது 1780–82. என் தேர்வு இதுதான். சொல்லப்போனால், உலகத்தின் எந்தப் போரைவிடவும் இந்த வடிவத்துக்காகவே நடந்ததுபோல் தோன்றும் போர் இது.

1780 ஜூலையில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டதாகச் சொல்லப்படும் சேனையோடு ஹைதர் இறங்கினார். செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றியை ஹைதரின் மகன் திப்பு ஓவியமாக வரைவித்தார். நவம்பர் தொடக்கத்தில் ஆர்க்காடு வீழ்ந்தது. அதன்பின் கம்பெனிக்கு உள்நாட்டில் மிஞ்சிய முக்கியமான கோட்டைகளில் பெரியது வேலூர். அதைக் கர்னல் ராஸ் லாங் காத்தார்.

வேலூர்க் கோட்டை சமதரையில், அகலமான நீர் அகழிக்கு நடுவே நிற்கிறது. அகழியைத் தாண்டுவது கடினம். ஆனால் கிழக்கே உள்ள குன்றுகள் கோட்டையைப் பார்த்தபடி நிற்கின்றன. அவற்றின் மேல் பீரங்கி ஏற்றிவிட்டால் கோட்டைக்குள் யாரும் நிற்க முடியாது. நூறாண்டு முன்பே 1677–78இல் சிவாஜியின் மராட்டியர் இதைக் கண்டுகொண்டு, அங்கே சஜ்ரா, குஜ்ரா என்று இரு கோட்டைகள் கட்டி, மாதக்கணக்கில் முற்றுகையிட்டு பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து வேலூரைப் பறித்தார்கள். ஹைதரும் குன்றைத்தான் முதலில் குறிவைத்தார். 1781 தொடக்கத்தில் இரவில் குன்றுக் கோட்டையின் மேல் ஏறிய அவர் படையை ஒரு சிறு காவற்படை தள்ளிவிட்டது. அதற்குப் பின் அவர் கையில் இருந்த ஆயுதம் பசி.

சென்னையிலிருந்து வேலூர் சுமார் 135 கிலோமீட்டர். அந்த வழியில் கம்பெனி அரிசி கொண்டுபோக வேண்டும். ஹைதரின் குதிரைப்படை அதைத் தடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுப் போரின் உயிர்நாடி இந்த ஒற்றை வாக்கியம்தான். சோளிங்கபுரத்தில் 1781 செப்டம்பர் 27இல் கம்பெனித் தளபதி அயர் கூட் வென்றார். ஆனால் வென்ற படைக்கே சாப்பாடு இல்லை. சித்தூர்ப் பக்கத்துப் பாளையங்களில் தானியம் திரட்டிய பிறகே நவம்பரில் வேலூருக்குக் கொஞ்சம் அனுப்ப முடிந்தது. 1782 ஜனவரியில் மறுபடியும் அரிசி வண்டிகளோடு கிளம்பினார். வழியில் பக்கவாதம் தாக்கியது. பல்லக்கில் படுத்தபடியே போனார். ஜனவரி இரண்டாம் வாரம், கோட்டையின் கையிருப்பு தீரும் தறுவாயில் அரிசி உள்ளே போய்ச் சேர்ந்தது. திரும்பும் வழியிலும் ஹைதர் மறித்தார்.

பள்ளிப் பாடத்தில் இந்தப் போர் பொள்ளிலூர், பரங்கிப்பேட்டை, சோளிங்கபுரம், ஆரணி என்று இடப்பெயர்களின் வரிசையாக, வென்றவர் தோற்றவர் என்று வருகிறது. அதைப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு கேள்வி எழ வேண்டும்: பரங்கிப்பேட்டையில் தோற்று, சோளிங்கபுரத்தில் தோற்ற ஹைதர் ஏன் விலகவில்லை? வென்ற கூட் ஏன் ஒவ்வொரு முறையும் சென்னைக்கே திரும்பினார்? பாடநூலில் பதில் இல்லை. காளையிடம் இருக்கிறது. மைசூர் அரசு தனக்கென்றே வளர்த்த மாட்டினம் பின்னாளில் அம்ருத மகால் என்று பெயர் பெற்றது. சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் வந்தது அந்தக் காளைகளால்தான் என்பது மைசூரில் வழங்கும் பேச்சு. கம்பெனிப் படைக்கு அத்தகைய மாடுகள் இல்லை. வாடகைக்கு அமர்த்திய மாடுகள் வழியிலேயே விழுந்தன. பீரங்கியை ஓட்டிக்கொண்டு போகிற எதிரியை, பீரங்கியை இழுத்துக்கொண்டு போகிறவர் பிடிக்க முடியாது. களத்தில் வெல்லலாம். துரத்த முடியாது.

இதைச் சொற்களில் விளக்கினால் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். மேசையில் கூட் பக்கம் உட்கார்ந்து, கையில் பன்னிரண்டு காளைக் காய்களை வைத்துக்கொண்டு, நான்கைப் பீரங்கிக்கும் எட்டை அரிசிக்கும் கொடுப்பதா, இல்லை மாற்றிக் கொடுப்பதா என்று ஒருவர் திணறினால் பிறகு மறக்க மாட்டார். பீரங்கி குறைந்தால் வழியில் மறிக்கும் ஹைதரை விலக்க முடியாது. அரிசி குறைந்தால் போய்ச் சேர்ந்தும் பயனில்லை.

நிலப்படத்தைப் பற்றி. கிழக்கே சென்னை, மேற்கே வாணியம்பாடி, வடக்கே சித்தூர், தெற்கே வந்தவாசியும் செங்கமும் அடங்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு எட்டு கிலோமீட்டர் என்று வைத்தால் சென்னையிலிருந்து வேலூர் பதினேழு கட்டம். கட்டமே வேண்டாம், ஊர்களைப் புள்ளியாக்கிப் பாதைகளைக் கோடாக்கினால் போதாதா என்று கேட்கலாம். கணவாயும் சாலையும் ஆண்ட நிலம்தானே? அந்த முறையில் பல நல்ல விளையாட்டுகள் உண்டு. நம் கோயில் கல்தரைகளில் செதுக்கிய ஆடுபுலி ஆட்டமும் கோடும் புள்ளியும்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வெட்டும், ஆடு வளைக்கும். இரு பக்கத்துக்கும் வேறு வேறு வலிமை, வேறு வேறு வெற்றி என்ற கருத்தில் அது பல நவீன விளையாட்டுகளுக்கு மூத்தது. ஹைதரையும் கூட்டையும் வடிவமைப்பவர் அதை நன்றாக ஆடிப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும் என்பேன். ஆனால் நிலப்படத்துக்கு அறுகோணமே தேவை. ஹைதரின் குதிரைகள் சாலையில் நிற்கவில்லை; சாலைக்கு இருபுறமும் ஊர் ஊராகப் பரவின. புள்ளிகளுக்கு இடையே இருக்கும் அந்த வெளிதான் அவர் அரசாண்ட இடம். அறுகோணத்தில் கட்டுப்பாட்டு வளையம் போட்டால், நான்கு குதிரைக் காய்களே அகன்ற வெளி முழுவதிலும் ஓர் அரிசி வரிசையை நிறுத்திவிடும்.

பல ஐரோப்பிய விளையாட்டுகளில் நிலம் மாறாது. காடு எப்போதும் காடு. இங்கே அப்படி எழுத முடியாது. கோடையில் பாலாறு மணல். வண்டி இறங்கி ஏறலாம். வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பி, நஞ்சை வயல் சேறாகிவிடும். பீரங்கி அதில் இறங்காது. 1782 ஜனவரியில் கூட்டின் வண்டிகள் சதுப்பைக் கடக்கும் இடத்தில்தான் ஹைதர் காத்திருந்தார். எனவே நில அட்டவணை இரண்டு வேண்டும், மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஏரிக்கரைகளைப் படத்தில் வரையாதவர் இந்த நிலத்தை அறியாதவர்.

இரு பக்கத்திலும் சேராத ஒரு காயும் வேண்டும். மாட்டு மந்தைகளின் முதுகில் தானிய மூட்டை ஏற்றி, படைகளுக்கு விற்றுப் பிழைத்த லம்பாடி வணிகக் கூட்டங்கள். அந்தக் காலத்துப் படை எதுவும் அவர்கள் இல்லாமல் நெடுந்தூரம் போனதில்லை. பணமும் பாதுகாப்பும் இருக்கும் பக்கம் அவர்கள் சாய்வார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரு ஆட்டக்காரரும் தங்கள் பணத்தை மறைத்து வைத்து ஏலம் கேட்டு, வென்றவர் அந்தக் காயை நகர்த்தலாம். சம்பளப் பாக்கி ஏறினால் படை கலையும் என்ற விதியும் இதோடு ஒட்டிக்கொள்ளும். விசுவாசமான காய் என்ற கெட்டிஸ்பர்க் நம்பிக்கை அங்கே உடையும். உடையட்டும்.

இனி, என்னால் சுலபமாகத் தாண்ட முடியாத ஒரு மறுப்புக்கு வருகிறேன். போரை விளையாட்டாக்கலாமா என்ற பொதுக் கேள்வியைவிட இது கூர்மையானது. இந்தப் போரில் அதிகம் செத்தவர்கள் சிப்பாய்கள் இல்லை. கம்பெனிக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்று ஹைதர் சென்னையைச் சுற்றிய ஊர்களை எரித்தார், ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றார், குடிகளை இடம்பெயர்த்தார். கம்பெனிப் படையும் போன வழியெல்லாம் பறித்துத் தின்றது. பஞ்சம் வந்தது. சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சித் தொட்டி என்று மக்கள் அழைத்த அந்த இடத்தின் தொடர்ச்சியே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அட்டைக் காயில் இவர்களுக்கு எண் கிடையாது. அறுகோணக் கட்டம் இவர்களைப் பச்சை நிறமாகவும் மஞ்சள் நிறமாகவும் காட்டும்.

இதற்கு வடிவமைப்பில் பதில் இருக்கிறது. அதைச் செய்யாத விளையாட்டை நான் ஏற்க மாட்டேன். எரிந்த கட்டத்தின் மேல் வைக்க ஒரு காய் வேண்டும். ஹைதர் பக்கம் ஆடுகிறவர் ஒரு கட்டத்தை எரித்தால் கூட்டின் படைக்கு அங்கே தானியம் இல்லை. ஆனால் ஹைதரின் குதிரைக்கும் புல் இல்லை. கூட் பக்கம் ஆடுகிறவர் ஊரைப் பறித்துத் தின்றால் அன்றைய பசி தீரும்; அடுத்த அறுவடை அங்கே வராது. எரிந்த ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஓர் அகதிக் காய் கிளம்பி சென்னையை நோக்கி நகர வேண்டும்; அது போய்ச் சேர்ந்தால் சென்னையின் அரிசி இருப்பு குறைய வேண்டும், அதாவது வேலூருக்கு அனுப்பும் மூட்டை குறைய வேண்டும். அப்போது சாலையில் நடந்துவரும் குடும்பங்களை இரு ஆட்டக்காரரும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். அவர்கள் பட்டதை இது சொல்லிவிடாது. அவர்களைக் காணாமல் ஆடுவது மட்டும் முடியாமல் போகும்.

சமீப காலத்தில் இந்தியா பற்றி வெளிவந்த புகழ்பெற்ற மேசை விளையாட்டுகள் இந்தக் கேள்வியைத் தீவிரமாகவே எடுத்திருக்கின்றன. கோல் வேர்லியின் ‘ஜான் கம்பெனி’ (2017) கம்பெனிக்காரர்களின் பேராசையையே ஆட்டமாக்கியது, ஜி.எம்.டி. நிறுவனத்தின் ‘காந்தி’ (2019) விடுதலைப் போராட்டத்தை நால்வர் ஆடும் ஆட்டமாக்கியது. இரண்டும் அறுகோண வகை அல்ல. முன்னதில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் லண்டன் குடும்பங்கள். இந்தியா அவர்கள் லாபம் தேடும் வெளி. கியூபெக் முற்றுகைக்கு 1972இலேயே கனடாவில் ஒரு மரக்கட்டை விளையாட்டு செய்து, இன்றுவரை அதை அச்சில் வைத்திருக்கிறார்கள். அதே ஏழாண்டுப் போரில், கியூபெக் விழுந்து நான்கு மாதத்தில், 1760 ஜனவரியில் வந்தவாசியில் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றார். பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு அங்கே முடிந்தது. உலக மேசைகளில் வந்தவாசிக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. நம் போர்களுக்கான விளையாட்டை வெளியிலிருந்து யாராவது செய்து தருவார்கள் என்று காத்திருப்பதில் எனக்கு விருப்பமில்லை.

காத்திருக்கத் தேவையும் இல்லை. இத்தகைய விளையாட்டின் உற்பத்தியில் கடினமான வேலை ஒன்றே: நூற்றுக்கணக்கான சிறு அட்டைக் காய்களை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டுவது. எஃகு விளிம்பு கொண்ட டையை அட்டையின் மேல் வைத்து அழுத்தி வெட்டுகிறார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணியின் மேல்பாகங்களை வெட்டும் பிரிவில் நாள் முழுவதும் நடப்பது இந்த வேலைதான். தோலில் தழும்பும் நரம்பும் பார்த்து டையை வைக்கத் தெரிந்த கைகளுக்கு அட்டை பெரிய சவால் ஆகாது. டை செய்து தரும் பட்டறைகள் இந்தப் பகுதியிலேயே இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்சுகளுக்காகக் கப்பலேறியது. போருக்குப் பொருள் செய்து கொடுத்த வரலாறு இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. இம்முறை ஊரின் சொந்தப் போரை ஊரின் சொந்தக் கைகள் வெட்டலாம். வெளிநாட்டு விளையாட்டு ஒன்று சுங்கவரியோடு பல ஆயிரம் ரூபாய்க்கு வருகிறது. இங்கே செய்தால் பள்ளி நூலகம் வாங்கும் விலைக்குக் கொண்டுவரலாம்.

விதிப்புத்தகம் தமிழில் வேண்டும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் உருதுவிலும் வேண்டும். நவாபு, கில்லேதார், சிப்பாய் எல்லோரும் புழங்கிய மொழி அது. பன்னிரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. வேலூர் ஊரிசு கல்லூரியிலோ வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியிலோ வரலாறு படிக்கும் மாணவர்கள் ஒரு பருவம் ஆடிப் பார்த்து, எந்த விதி வரலாற்றோடு முட்டுகிறது என்று குறித்துத் தந்தால் போதும். முட்டும் இடங்களில்தான் நல்ல ஆய்வுக் கேள்விகள் பிறக்கும். கூட் பக்கம் ஆடுகிறவர் எளிதாக வென்றுகொண்டே இருந்தால், அரிசியின் அளவையோ காளையின் நடையையோ நாம் தப்பாகக் கணித்திருக்கிறோம் என்று பொருள். மறுபடி ஆவணங்களுக்குப் போக வேண்டும்.

வெற்றியை எப்படி அளப்பது என்பதுதான் கடைசிச் சிக்கல். வேலூர் விழுந்தால் ஹைதருக்கு வெற்றி. அதில் குழப்பம் இல்லை. விழாவிட்டால்? வரலாற்றில் விழவில்லை; ஆனால் கம்பெனியும் வென்றதாகச் சொல்ல முடியாது. 1782 டிசம்பர் 7இல் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில் ஹைதர் நோயால் இறந்தார். மலபாரில் இருந்த திப்பு வந்து சேரும்வரை அந்தச் சாவை மறைத்து வைத்தார்கள். வேலூரின் மேல் இருந்த பிடி அத்தோடு தளர்ந்தது. இந்தத் தேதி ஆடுகிற இருவருக்குமே தெரியும் என்பதால் அதை ஆட்டத்தின் கடைசிச் சுற்றாக வைத்தால் கூட் பக்கத்தவர் காலத்தை ஓட்டிவிட்டுத் தப்பித்துவிடுவார். அன்று யாருக்கும் தெரியாத தேதி அது. ஆகவே 1782 ஜூலையிலிருந்து ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஹைதர் பக்கத்தவர் தம் பகடையைக் கிண்ணத்துக்கு அடியில் உருட்டித் தாம் மட்டும் பார்க்க வேண்டும். ஒன்று விழுந்தால் ஹைதர் இறந்துவிட்டார்; ஆனால் அதை இரண்டு சுற்று வரை எதிரிக்குச் சொல்லாமல் ஆடலாம். எதிரே இருப்பவர், குதிரைக் காய்கள் ஏன் திடீரென்று மெதுவாக நகர்கின்றன என்று பார்த்துத் தாமாகவே ஊகித்துக்கொள்ளட்டும்.